கோடை விடுமுறையில் ஒரு குளச்சல் போர்

ஏப்ரல் மாதம் பிறந்தால் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுகள் தவறாமல் எழும். ஒன்று, இந்த வருடம் ஊருக்குப் போவதா, வேண்டாமா என்பது. இன்னொன்று, பள்ளிக்கூடம் மூடி வீட்டுக்கு வரும் பேரன் பேத்திகளை ஜூன் பிறக்கும் வரை எப்படிக் கட்டி மேய்ப்பது என்பது. இரண்டாவது பேச்சுக்கு என்னிடம் ஒரு விடை உண்டு. "நாங்கள் வீட்டில் போர் நடத்துகிறோம்" என்று நான் சொன்னால் சங்கத்து நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிலர் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கும் பரிதாபத்துக்கும் விளக்கம் சொல்லவே இக்கட்டுரை.

நான் டிப்ளமோ படித்து ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 60 வயதில் ஓய்வு பெற்றவன். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கடைசி டிரான்ஸ்பரில் திருவனந்தபுரம் வந்து, கழக்கூட்டத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டேன். மகன், மருமகள், பேத்தி எங்களோடு இருக்கிறார்கள். மகள் வயிற்றுப் பேரன்கள் இருவர் பெங்களூரில். கோடைக்கு அவர்கள் வந்துவிட்டால் வீட்டில் ஒன்பது வேளைச் சாப்பாடு நடக்கும் என்பது என் மனைவியின் கணக்கு.

என் கணக்கு வேறு. ஒரு குழந்தை முதல் வகுப்பு முடித்த கோடையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை வரை நம் கைக்குக் கிடைப்பது 9 கோடைகள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் விடுமுறையிலேயே டியூஷன் தொடங்கிவிடும். வருடத்துக்கு 30 நாள் நம்மோடு இருந்தால் மொத்தம் 270 நாட்கள். ஒரு முழு வருடம்கூட இல்லை! இந்த 270 நாட்களுக்குள்தான் நீச்சல், கிரிக்கெட், மாங்காய், கேரம் போர்டு, கல்யாண வீடு, கோயில், கடற்கரை எல்லாம் நடந்தாக வேண்டும். அதற்கு நடுவே தாத்தாவின் பொழுதுபோக்கும் நுழைய வேண்டும் என்றால், டயம்டேபிள் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

பொம்மைப் போர் என்பது என்ன?

விரல் உயரப் படைவீரர்களைச் செய்தோ வாங்கியோ வண்ணம் தீட்டி, மேஜையில் மலை, ஆறு, கோட்டை அமைத்து, வரலாற்றில் நடந்த ஒரு போரைப் பகடையும் அளவுகோலும் கொண்டு ஆடிப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டு. மேல்நாடுகளில் தாடி நரைத்தவர்கள்கூட மும்முரமாக ஆடுகிறார்கள். 1812-ல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் அரச குடும்பத்துக்காக இப்படி ஒரு மேஜை விளையாட்டைச் செய்தார். அவர் மகன் 1824-ல் அதைத் திருத்தி வெளியிட, ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கே அது பயன்பட்டது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளைச் சிறு நூலாகவே எழுதினார். இந்த விளையாட்டை நாலு தடவை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப் போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று புரிந்துவிடும் என்பது அவருடைய கட்சி. அடுத்த வருடமே முதல் உலகப் போர் மூண்டது. ஆள வேண்டியவர்கள் யாரும் அவர் மேஜைக்கு வரவில்லை போலும்!

இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்று நாலு படையையும் ஒரு பலகைக்குள் அடக்கிய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. நவராத்திரி வந்தால் நம் வீட்டுப் பெண்கள் படிக்கட்டுக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவைத்துப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, ஒரு ரயில்வே ஸ்டேஷனையும் வைத்துவிடுகிறார்கள். கொலுப் பூங்கா அமைக்கத் தெரிந்த வீட்டில் போர்க்களம் அமைக்கத் தெரியாமல் போகுமா? என் மனைவியிடம் இந்த வாதத்தை வைத்துத்தான் சாப்பாட்டு மேஜைக்கு அனுமதி வாங்கினேன்.

ஏன் குளச்சல்?

எந்தப் போரை எடுப்பது என்பதில்தான் இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் பலரும் வழுக்குகிறார்கள். ஒன்றை ஆரம்பித்து, பாதியில் இன்னொன்றின் மேல் ஆசை வந்து, கடைசியில் பெட்டி பெட்டியாக வண்ணம் பூசாத சிப்பாய்கள் மிஞ்சும். என்னிடமும் ஆசைக்குக் குறைவில்லை. 1799-ல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது ஒன்று. அதே நூற்றாண்டில், 1789-ன் கடைசியில், திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி அட்டைப்பெட்டி இருக்கிறது. ஆனால் ஒரு கோடைக்கு ஒரு பெட்டி மட்டுமே திறக்கும். மற்றவை பரணில், கயிறு கட்டியபடி இருக்கும். நாங்கள் திறந்தது குளச்சல் பெட்டி.

காரணம் இருக்கிறது. 1741-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இலங்கையிலிருந்து படை அனுப்பிக் குளச்சலில் இறக்கியது. மிளகு வியாபாரம் தங்கள் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். வேணாட்டை விரிவாக்கித் திருவிதாங்கூராக்கிக் கொண்டிருந்த மார்த்தாண்ட வர்மா அந்தப் படையை அங்கேயே முறியடித்தார். டச்சுக்காரர் அமைத்த அரணில் வெடிமருந்து பற்றி, அரிசி இருப்பும் எரிந்துபோக, அவர்கள் சரணடைந்ததாக வரலாற்று நூல்கள் கூறும். பிடிபட்டவர்களில் ஒருவர் தளபதி டி லனாய். அவர் பிற்பாடு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-ல் காலமானார்.

இதில் நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இழைக்கு இழை இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூருக்குள் இருந்த குளச்சல், 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று தலைநகராயிருந்த பத்மநாபபுரமும் அப்படியே. ஆனால் அங்குள்ள அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரள அரசு. மார்த்தாண்ட வர்மாவின் தளவாயாக இருந்த ராமய்யன், திருநெல்வேலிச் சீமை ஏர்வாடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. இனி கழக்கூட்டம். மன்னரை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமாரில் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மன்னர் அந்த எட்டு வீடுகளையும் ஒழித்துக்கட்டினார். வீடுகளை இடித்து, இருந்த இடத்தில் குளம் தோண்டினார் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். ஆக, குளச்சலில் வென்ற மன்னர் நாங்கள் குடியிருக்கும் ஊருக்கு எமனாக வந்தவர். ஒரு கதைக்குள் இத்தனை முடிச்சுகள் இருந்தால் குழந்தைகள் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எனக்கு வேண்டியதும் அந்தக் கேள்விகள்தான்.

அளவும் கணக்கும்

வீரர்களை 72-ல் ஒரு பங்கு அளவில் செய்கிறோம். 170 செ.மீ. உயர மனிதன் ஏறத்தாழ 24 மி.மீ. ஆகிறான். ஆனால் நிலத்தையும் அதே அளவில் அமைத்தால் ஒரு கிலோமீட்டர் கடற்கரைக்குப் 14 மீட்டர் நீள மேஜை வேண்டும். கல்யாண மண்டபத்தில்தான் ஆட முடியும். எனவே நிலத்துக்கு மட்டும் 1 மி.மீ. என்றால் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம். ஒரே பலகையில் இரண்டு அளவு எப்படிச் சரியாகும் என்று மூத்த பேரன் கேட்டான். ரயில் பாதையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வரைபடத்தைக் காட்டினேன். அதில் நீளத்துக்கு ஓர் அளவு, உயரத்துக்கு வேறோர் அளவு. இல்லாவிட்டால் ஏற்றம் கண்ணுக்கே தெரியாது. "பொய்தான், ஆனா கணக்கான பொய்" என்றான். 

6 அடிக்கு 4 அடி பலகை. அதை 2 அடி அகலத்தில் மூன்று துண்டாக அறுத்துக்கொண்டோம். ஒன்று கடல், ஒன்று மணல், ஒன்று தென்னந்தோப்பு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் குடும்பத்தில் நிஜப் போர் மூளும்.

திருவிதாங்கூர் வீரன் என்று கடையில் கேட்டால் எங்கே கிடைக்கும்? கட்டுக்கம்பியை முறுக்கி எலும்புக்கூடு செய்து, எம்-சீல் பிசைந்து உடம்பு கொடுத்தோம். பிசையும்போது கைக்கு உறை போட வேண்டும். சின்னவனுக்கு அந்த வேலை கிடையாது. தென்னை ஈர்க்குச்சி துடுப்பானது. முருங்கைக் குச்சிகளை நூலால் பிணைத்ததும் கட்டுமரம் தயார். கடற்கரை மணலைச் சலித்து, ஃபெவிகால் தடவிய பலகையில் தூவினோம்.

எத்தனை வீரர்கள்? 200 பேர் வேண்டும் என்றான் பேரன். எஸ்டிமேட் போட்டுக் காட்டினேன். ஓர் உருவத்துக்குச் செய்யவும் தீட்டவும் 40 நிமிடம். 200 உருவத்துக்கு 133 மணி நேரம். 60 உருவமாகக் குறைத்தால் 40 மணி நேரம். மூன்று பேர் தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 14 நாள். காய்ச்சல், விருந்தாளி, கல்யாணம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டால் 20 நாள். 60 என்று ஒப்பந்தமாயிற்று: திருவிதாங்கூர்ப் படை 24, டச்சுப் படை 16, துடுப்புக்காரர்கள் 20. வேலைக்கு ஏற்ப நாளை நீட்ட முடியாது. இருக்கிற நாளுக்கு ஏற்ப வேலையைச் சுருக்க வேண்டும். 

பிளாக் முறை

தண்டவாளப் பராமரிப்பில் எங்களுக்கு 'பிளாக்' என்று ஒன்று உண்டு. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில், ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் பாதையை எங்கள் கையில் கொடுப்பார்கள். அதற்குள் பழைய தண்டவாளத்தைக் கழற்றிப் புதியதைப் போட்டு, மட்டம் பார்த்து, பாதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதனால் பிளாக் கிடைப்பதற்கு முன்பே தண்டவாளம், போல்ட், ஸ்பானர், ஆள் எல்லாம் பாதையோரம் தயாராக நிற்கும். பிளாக் தொடங்கிய பிறகு ஸ்பானர் தேடுகிறவன் வேலைக்கு உதவ மாட்டான். எதற்காக இவ்வளவு? பாதை இருப்பது வண்டிக்காக, எங்கள் வேலைக்காக அல்ல.

கோடையையும் அப்படித்தான் பார்க்கிறேன். குழந்தைகளின் நீச்சல், கிரிக்கெட், தூக்கம், ஆச்சியின் சமையல் எல்லாம் ஓடும் வண்டிகள். நம் பொம்மைப் போர் நடுவில் பிளாக் வாங்கிச் செய்யும் வேலை. காலை 10 முதல் 11 வரை ஒரு பிளாக். மதியம் வெயிலில் வெளியே போக முடியாதபோது 3 முதல் 4 வரை வேண்டுமானால் இன்னொன்று. முதல் நாள் இரவே தூரிகை, தண்ணீர்க் கிண்ணம், பழந்துணி, வண்ணம் எல்லாம் ஒரு தட்டில் தயாராகிவிடும். 11 மணிக்கு மேஜை துடைத்து, சாப்பாட்டுக்குத் தகுதியானது என்று ஆச்சியிடம் ஒப்படைக்கப்படும். வண்ணம் காயாத உருவங்களின் பக்கத்தில் ஒரு சிவப்புத் துணி. அதைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது.

ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வராதிருக்க, அந்நாளில் டிரைவர் கையில் ஓர் இரும்புப் பந்து கொடுப்பார்கள். அந்த டோக்கன் இல்லாமல் வண்டி அடுத்த நிலையத்துக்கு நகராது. எங்கள் வீட்டில் டென்னிஸ் பந்துதான் டோக்கன். பந்து யாரிடமோ மேஜை அவரிடம். கேரம் ஆட வேண்டுமா, வெண்டைக்காய் நறுக்க வேண்டுமா, பந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சின்னவன் ஒரு நாள் டோக்கனையே எடுத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். அன்று பகல் முழுவதும் போக்குவரத்து ஸ்தம்பித்தது. எல்லோரும் பாய் விரித்துத் தரையில் சாப்பிட்டோம். அதுவும் ஒரு பொழுதுபோக்காகவே கழிந்தது.

இந்த முறையில் இன்னொரு லாபம், காய்கிற நேரம். அடிவண்ணம் பூசினால் காய வேண்டும். மேல்வண்ணம் பூசினால் காய வேண்டும். அந்த நேரமெல்லாம் குழந்தைகளுக்கு விடுதலை. மாவடு ஆய்வதும், பலாச்சுளை எடுப்பதும், குளத்தில் குதிப்பதும் அந்த இடைவெளியில் நடக்கும். மொட்டைமாடியில் ஒரு பக்கம் கூழ் வடாம், மறுபக்கம் டச்சுக்காரர்கள். காக்கைக்கு ஒரே காவல். கழக்கூட்டத்தில் கோடை மழை மாலையில் வரும். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்பதால், வார்னிஷ் வேலை காலைப் பிளாக்கில் மட்டும். இடவப்பாதி மழை தொடங்குமுன் பெட்டியை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீரர்களுக்குப் பூஞ்சை பிடிக்கும்.

துப்பாக்கியா, துடுப்பா?

குளச்சலில் வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். மன்னர் படையில் துப்பாக்கி குறைவு. எனவே அந்தக் கரையின் முக்குவ மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். தூரத்திலிருந்து பார்த்த டச்சுக்காரர்கள் பெரிய துப்பாக்கிப் படை என்று மிரண்டார்களாம். ஆவணச் சான்று கேட்காதீர்கள்; வாய்வழிக் கதைதான். விளையாட்டுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

இதற்காக ஒரு விதி செய்தோம். திருவிதாங்கூர்ப் பக்கத்து வரிசைகள் 30 செ.மீ. தூரத்துக்கு வரும் வரை வெறும் அட்டைகளாக நிற்கும். எந்த அட்டை துப்பாக்கி, எது துடுப்பு என்று அடியில் எழுதியிருக்கும். டச்சுப் பக்கத்துக்குத் தெரியாது. நெருங்கிய பிறகு அட்டையைப் புரட்டி உருவங்களை வைக்க வேண்டும். அட்டையில் முதல் எழுத்து மட்டும் போதும் என்றாள் பேத்தி. எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் 'து'! முழுச் சொல்லையும் எழுத வேண்டியதாயிற்று.

பெங்களூர்ப் பேரன் ஆங்கிலம், கன்னடம், இந்தி மூன்றும் வாசிப்பான். தமிழ் பேசுவான்; வாசிக்க வராது. ஆச்சி மூன்று கோடைகளாக அரிச்சுவடி வைத்துக்கொண்டு அவனைத் துரத்தியும் பிடிகொடுக்கவில்லை. இப்போது டச்சுத் தளபதியான அவனுக்கு அட்டையைப் புரட்டியதும் படித்தாக வேண்டும். எதிரியிடம் கேட்டால் எதிரி பொய் சொல்வாள் அல்லவா? 'து'வுக்குப் பக்கத்தில் 'ப்' இருந்தால் ஆபத்து, 'டு' இருந்தால் பிழைத்தோம் என்று கண்டுகொண்டான். மறுநாள் பேத்தி வேண்டுமென்றே 'துணி' என்று ஓர் அட்டை செருகிவைத்தாள். அதற்கடுத்த நாள் 'துவரம்பருப்பு'. மே மாத நடுவில் அவன் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்திருந்தான்.

மற்ற விதிகளும் எளியவை. ஒரு முறை நகர்வது 12 செ.மீ.; அதாவது நிஜத்தில் இரண்டு நிமிட நடை. துப்பாக்கி எட்டுவது 10 செ.மீ., ஏனென்றால் அந்தக் காலத்துத் துப்பாக்கி 100 மீட்டருக்கு அப்பால் குறி தவறும். பகடையில் 5, 6 விழுந்தால் குண்டு பட்டது. ஒரு வரிசையில் மூன்றில் ஒரு பங்கு விழுந்தால், மீதிப் பேர் நிற்பார்களா ஓடுவார்களா என்று இன்னொரு பகடை. டச்சு அரணுக்குள் ஒரு கிண்ணத்தில் 15 அரிசி. ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறையும். அரணுக்குள் குண்டு விழுந்து 6 வந்தால் ஐந்து அரிசி போய்விடும். அரிசி தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. "போரில் ஜெயிப்பது சமையல்கட்டு என்று இப்போதாவது தெரிந்ததே" என்றாள் என் மனைவி.

விழுந்த உருவங்களைப் போடுவதற்கு ஒரு சிரட்டை வைத்திருக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் இரண்டு பக்கத்துச் சிரட்டையையும் கவிழ்த்து வாய்விட்டு எண்ண வேண்டும். முதல் ஆட்டத்தில் டச்சுக்காரர் ஜெயித்துவிட்டார்கள்! "வரலாற்றில் நாம்தானே ஜெயித்தோம்" என்று பேத்தி சண்டை போட்டாள். அன்று காலை யாருக்கும் அது தெரியாது, அதுதான் வரலாறு என்றேன். மூத்த பேரன் 19 வரை எண்ணி முடித்தபோது, பக்கத்தில் நின்ற சின்னவன், "இவங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்களா தாத்தா?" என்று கேட்டான். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. வெல்ஸ் துரை ஒரு நூல் எழுதிச் சொன்னதை எட்டு வயதுப் பையன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான்.

நாம் எந்தப் பக்கம்?

வேலை முடிந்த களத்தை நிஜக் களத்தோடு ஒத்துப் பார்க்க ஒரு நாள் புறப்பட்டோம். கழக்கூட்டத்தில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் மாறி, இரணியலில் இறங்கினோம். குளச்சல் கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறது. அங்கிருந்து தக்கலைப் பக்கம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. உள்ளே மரங்களுக்கு நடுவில், கூரையிழந்த ஒரு பழைய தேவாலயத்தில் டி லனாயின் கல்லறை. அந்தக் கல்லில் லத்தீன் மொழியோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பேரன் குனிந்து உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி, தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னான். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை போக வேண்டாம், அன்று விடுமுறை.

திரும்பும் ரயிலில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "தாத்தா, நாம எந்தப் பக்கம்?" ராஜா பக்கமென்றால் கழக்கூட்டத்துப் பிள்ளைக்கு யார்? மீனவர்கள் பக்கமென்றால் அவர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது? ராமய்யன் நம் சீமைக்காரர் என்றால், அவர் உழைத்தது இந்த ஊருக்கு அல்லவா? நான் பதில் சொல்வதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள். "டி லனாய் நம்ம மாதிரிதான். வேலை கிடைச்ச ஊர்லயே தங்கிட்டாரு."

"வேலைக்கா வந்தார்? சண்டையில பிடிபட்டு வந்தவரு" என்றாள் ஆச்சி.

"தாத்தாவும் டிரான்ஸ்பர்ல பிடிபட்டு வந்தவருதானே!"

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே வேறொன்றும் தோன்றியது. வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, 'நீ யார், எந்த ஊர்' என்ற கேள்வியை நாம் சொற்பொழிவாகச் சொன்னால் காதில் ஏறாது. ஒரு பலகையும் கொஞ்சம் மணலும் கொடுத்தால் அவர்களே அந்தக் கேள்வியைக் கேட்டு, நாம் எதிர்பாராத பதிலையும் கண்டுபிடிக்கிறார்கள்.

முயன்று பார்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். உங்களுக்கு எந்த ஊர் பக்கமோ அந்த ஊர்க் கதையை எடுங்கள். போர்தான் வேண்டும் என்பதில்லை. ஒரு துறைமுகம், ஒரு சந்தை, ஓர் அணைக்கட்டு கட்டிய கதையும் ஆகும். ஒரு கோடைக்கு ஒன்று போதும். உருவங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். பிறகு அதிலும் பாதியாக்குங்கள். மாங்காய்க்கும் கிரிக்கெட்டுக்கும் எப்போதும் வழிவிடுங்கள், உங்கள் வேலை லூப் லைனில் காத்திருக்கட்டும். ஆனால் கடைசித் தேதியை மட்டும் முன்பே குறித்துவிடுங்கள். தேதி இல்லாத வேலை முடிவதில்லை.

பேத்திக்கு இந்த ஜூனில் பத்தாம் வகுப்பு. அடுத்த கோடையில் அவளுக்குப் பரீட்சை, அதற்கப்புறம் அட்மிஷன், ஓட்டம். அவள் கணக்கில் 9 கோடைகளும் முடிந்துவிட்டன. பெட்டியை மூடும் அன்று 60 உருவங்களையும் அவளே பழைய செய்தித்தாளில் சுற்றி அடுக்கினாள். பெட்டிமேல் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, 'குளச்சல், 1741' என்று எழுதி, கீழே மூன்று குழந்தைகளின் பெயரையும் தமிழில் எழுதினாள். பெங்களூர்ப் பேரன் தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். ஓர் எழுத்துக்குக் கால் போட மறந்துவிட்டான். ஆச்சி திருத்தப் போனாள். அது அப்படியே இருக்கட்டும் என்றேன்.

சின்னவனுக்கு இன்னும் ஆறு கோடைகள் பாக்கி. பரணில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன.